முட்டுபா மரத்துக்குக் கட்டிய இலை

கிபிராங்கோ சிரித்துக்கொண்டே வந்தால் நாமுசிசிக்குப் பயம். கொழுந்தன்தான். ஆனால் கணவன் செத்த பிறகு அவனுடைய சிரிப்பு கூடிவிட்டதாக அவளுக்குப் பட்டது. தோட்டத்து மூலையில் கணவன் நட்ட முட்டுபா மரம்தான் அவள் நிலத்துக்கு எல்லை. மரம் நிற்கும்வரை நிலம் அவளுடையது. பட்டுப்போனால் குலத்தார் கூடிப் பேசி, பக்கத்து நிலத்துக்காரனான கிபிராங்கோவுக்கே அதைக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த மரத்தைத்தான் இப்போது உரிக்க வந்திருந்தான். அண்ணனின் சடங்குக்கு, மரப்பட்டையைத் தட்டிச் செய்யும் பட்டைத்துணி வேண்டுமாம். மறுக்க முடியுமா?

மேல்தோலைச் சுரண்டினான். மேலேயும் கீழேயும் கத்தியால் வளையம் போட்டு, வாழைத்தண்டு ஆப்பைச் செருகி, பட்டையை ஒரே பாயாக உரித்தெடுத்தான். மரம் வெளிறி, ஈரமாக நின்றது. ஆண்களின் வேலை அது. பெண்கள் கிட்டே போவதில்லை. அவள் வாழைகளுக்கு நடுவில் நின்றே கேட்டாள்.

"தோலை உரிச்ச ஆடு எங்கயாவது மேய்ஞ்சிருக்கா, தம்பி?"

"செத்த ஆட்டை உரிக்கிறோம், அண்ணி. மரத்தை உயிரோட உரிக்கிறோம். இதுக்குப் புதுத்தோல் வரும்." வாழையிலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். "நானே வந்து பிரிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

ஏன் கூடாது? உள்ளே கத்தி ஆழமாக இறங்கியிருந்தால் யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலையில் அவள் ஓர் இலையை விலக்கி, நகத்தால் அழுத்திப் பார்த்தாள். ஈரம் இருந்தது. மூடினாள். அதற்கடுத்த நாளும் பார்த்தாள். பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் அந்த இடம் கறுத்துக் காய்ந்திருந்தது.

"கொன்னுட்டான் பாவி! என் நிலத்துக்காகக் கொன்னுட்டான்!" அவள் குலத்தலைவர் செக்கிட்டோவின் வாசலில் போய் அலறினாள். ஊரே மரத்தடியில் கூடிவிட்டது.

கிபிராங்கோ கட்டுகளை அவிழ்த்தான். மரம் முழுக்கச் செம்பச்சையாகப் புதுத்தோல் படர்ந்திருந்தது. நாமுசிசியின் கைக்கு எட்டும் உயரத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வெடிப்பு. அதில் நகக்கீறல்கள்.

செக்கிட்டோ அவள் விரல்களைப் பார்த்தார்.

"ஏம்மா, மட்டோகே வாழைக்காய இலையில கட்டி வேகவைக்கிறப்ப, இலைய பிரிச்சுப் பிரிச்சா பாப்பே?"

கூட்டம் சிரித்தது. மரம் பிழைத்தது, நிலமும் பிழைத்தது. ஆனால் அவளுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"இனிமே இந்த மரத்துத் துணியில அந்த இடத்துல ஓட்டை இருக்கும், அண்ணி," என்றான் கிபிராங்கோ. "தைச்சுக்கலாம்."

அவன் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் பயந்த அந்தச் சிரிப்பு ஒரு தரம் வந்துவிடாதா என்று அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.