தோய்த்த சேலை

2005 மாசி 6. இன்று ஒரு சிறு பிழை: எமிலியின் சேலையைத் தவறுதலாகத் தோய்த்துவிட்டேன்.

மாலை வகுப்புக்கென நாட்குறிப்பு எழுதும் கொப்பியில் இப்படி எழுதிய மேர்லின், ‘தவறுதலாக’ என்பதை வெட்டினாள்.

அவளும் ஜொய்சனும் நரியாக மாறும் குலத்தவர். சுனாமி முகாமில் ஒருவரையொருவர் மோப்பம் பிடித்த கணமே விதி இருவரையும் ஆயுளுக்கும் பிணைத்துவிட்டது. ஆனாலும் அவன் அந்திதோறும், எமிலியின் நாவற்குடாத் தாய்வீட்டில் எஞ்சி, அவன் எடுத்துவந்திருந்த அவள் சேலையை முகர்ந்துவிட்டு, நரியாகிக் கரைக்கு ஓடுவான். எமிலி மனிதப் பிறவி. கடல் கொண்டுபோன அவன் மனைவி. உடல் இன்னும் கிடைக்கவில்லை. அவன் ஓடும்போதெல்லாம் மேர்லினுக்கு வயிறு எரியும்.

கொப்பியை மூடுமுன்பே ஜொய்சன் கொடிக்கு வந்து சேலையில் முகம் புதைத்தான். சவர்க்காரம்தான் மணத்தது.

“என்ன புள்ள செய்துபோட்டாய்? இனி எதை மோந்து தேடுற?”

“செத்தவளோட போட்டிக்கு நிண்டன். எனக்கு விசர்,” என்றாள் மேர்லின். “ஆனா அவட மணம் உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். ஒவ்வொரு நாளும் உங்கட மேலில அதை மோந்து எரிஞ்சவள் நான்.”

அவன் சேலையைக் கொடியிலேயே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“அப்ப நீயும் வாறியா?”

“ஓம், வாறன்.”

கொப்பியைத் திரும்பத் திறந்து எழுதினாள்: நாளை வகுப்புக்குப் போகாமல், செட்டிபாளையம் கடற்கரைத் தாழம்பற்றைகளில் எமிலியைத் தேடுவது.