இருபத்தொரு நாள் ஒழுகாத குழாய்

1

இந்தக் கதையை நான் திருடினேன். கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் இரண்டு போதனாசிரியர்கள் இதைச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாதியில் தெல்தோட்டை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். மீதியை நான் உண்டாக்கினேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

முதல் வரி இப்படி இருந்தது: அம்பிட்டிய மலையில் மூடுபனி மெல்ல...

(வேண்டாம். தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மூடுபனிக்கு வேலை இல்லை.)

இரண்டாவது: அங்கீகாரக் குழு வந்த அன்று கல்லூரியின் கோப்புகளைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது. இது உண்மையாகவே நடந்தது. நம்ப மாட்டீர்கள் என்பதால் நீக்கிவிட்டேன்.

2

காளிமுத்து அந்தக் கல்லூரியில் குழாய் பொருத்தல் கற்பிக்கிறார். பரீட்சையன்று ஒவ்வொரு மாணவரும் மலைச்சரிவில் ஒரு வீட்டுக்குப் போய்க் குழாய் பொருத்த வேண்டும். தண்ணீர்த் தாங்கி மேலே, வீடு கீழே; தண்ணீர் பாய்ந்து வரும் வேகத்தில் சும்மா ஒட்டிய மூட்டு தாங்காது. மற்றப் போதனாசிரியர்கள் பின்னேரம் நாலு மணிக்கே பெறுபேறு சொல்லிவிடுவார்கள். இவர் வாயே திறக்கமாட்டார். இருபத்தொரு நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போய், மூட்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ந்திருந்தால் தேர்ச்சி.

[அடிக்குறிப்பு போல ஒன்று: ஏன் இருபத்தொன்று என்று கேட்டேன். "இருபதாவது நாள் ஒழுகின ஒன்னு இருக்குங்க" என்றார்.]

3

பாடநெறியைச் சோதித்துத் தரும் அங்கீகாரத்துக்கு ஆசிரியர்கள் எதிரிகள் என்று ஒரு பேச்சு உண்டு. பொய். யாராவது வந்து தங்கள் வேலையைப் பார்க்க மாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள் அவர்கள். வருகிறவர்கள் கோப்பைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான் குறை.

இம்முறை கோப்பில்தான் வில்லங்கம். பெறுபேற்றுத் திகதி பரீட்சைத் திகதியாகவே இருக்க வேண்டும் என்பது விதி. காளிமுத்துவின் பதினைந்து படிவங்களிலும் அது மூன்று கிழமை பிந்தியிருந்தது. அங்கீகாரம் கிடைக்காவிட்டால் பாடநெறி மூடப்படும். பதினைந்து பேருக்கும் சான்றிதழ் இல்லை.

பாடநெறிக்குப் பொறுப்பான கமலாசனி குழு வருமுன் ஓடிவந்தார்.

"பதினைஞ்சு திகதிதானே, காளிமுத்து. மாத்திப் போடுங்கோ."

"மாத்தலாங்க மிஸ். பரீட்சை அன்னைக்குத் தேதி போட்டா சுமனும் பாஸுங்க."

"பாஸ் பண்ணட்டுமே!"

"அவன் போட்ட மூட்டு பத்தொம்பதாவது நாள் புட்டுக்கிட்டு மூக்காயி அக்கா வீட்டு அரிசி மூட்டையை நனைச்சிருச்சு. அந்த அக்காகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க, பையன் பாஸுன்னு."

"உங்களோட கதைச்சு வெல்லேலாது."

(கமலாசனியை முதலில் கெட்டவராக எழுதினேன். மறுத்துவிட்டார். இந்தப் பாடநெறியைத் தமிழில் தொடங்க நாலு தடவை கொழும்புக்கு அலைந்தவர் அவர். பயப்பட அவருக்கு உரிமை உண்டு.)

4

குழுவிலிருந்த ஹாஷிம் படிவங்களைப் புரட்டினார். பிறகு மூக்காயி வீடு உட்பட நாலு வீடுகளுக்கு நடந்துபோய்த் தானும் கைவைத்துப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"மாஸ்டர், ஒங்கட மொற நல்லந்தான். ஆனா படிவத்தில இருபத்தொரு நாளுக்குக் கட்டம் இல்லயே."

"கட்டம்தானுங்களே? அடிமட்டம் இருக்குங்க."

யாரும் தடுக்குமுன் காளிமுத்து உட்கார்ந்து, பதினைந்து படிவங்களிலும் அடிமட்டத்தை வைத்து நேராகக் கோடிழுத்துப் புதிய கட்டம் போட்டு, 'கைவைத்துப் பார்த்த திகதி' என்று தலைப்பும் எழுதிவிட்டார். குழாய்க்காரர் கோடு, மயிரிழை பிசகவில்லை.

குழுத் தலைவர் றமணன் கதிரை சுட்டதுபோல் எழுந்தார்.

"ஐசே, இது அரசாங்கப் படிவம்! கீறிப்போட்டீரே!"

"எடம் கெடந்துச்சுங்க, சேர்."

கமலாசனி முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

5

முடிவுகள் சில வைத்திருந்தேன்.

அன்று மாலை றமணன் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, அவர் காளிமுத்துவைத் தேடி... (கிழித்தேன். பள்ளிக்கூட நீதிக்கதை.)

காளிமுத்து மனம் மாறித் திகதிகளைத் திருத்துகிறார். இதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மனுஷன் பேனாவைத் தொடவில்லை.

ஆகவே வாக்கெடுப்பு. காளிமுத்துவையும் கமலாசனியையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். ஹாஷிம் அங்கீகாரம் கொடுக்கலாம் என்றார். றமணன் கூடாது என்றார். அவரும் அநியாயக்காரர் இல்லை, ஆளாளுக்குக் கட்டம் போட்டால் நாடு முழுக்க எதை எதோடு ஒப்பிடுவது என்று கேட்கிறார். குழுவுக்கு மூன்று பேர் வேண்டும். மூன்றாமவரை நான் படைக்கவில்லை. மறதி என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது கதிரை காலியாக இருக்கிறது, உட்காருங்கள். தேத்தண்ணி வரும். படிவங்கள் மேசையில், மலையில் ஏறி இறங்க மனமிருந்தால் வீடுகளும் பக்கத்தில்தான். அவசரமில்லை. ஆனால் வெளியே இரண்டு பேர் நிற்கிறார்கள், கதவைத் திறக்கப்போவது நீங்கள்.