இருபது லீற்றர் தோடம்பழச் சாறு

"பிள்ளையளுக்கு முன்னால நீங்கள் பேர்ணடெற்றிட்ட மன்னிப்புக் கேக்கவேணும், சேர்."

இந்த டியூட்டரியில் எதையும் கேட்கலாம் என்று, நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அலுவலக மேசையில் இருக்கும் மாக்ரெட் அக்கா சொல்லித் தந்திருந்தா. லீவு கேட்கலாம். ஃபேன் கேட்கலாம். மழை நாளில் நேரத்தோடு போகக் கேட்கலாம். பிழை விட்டதாக ஒப்புக்கொள்ளும்படி சவுந்தரநாயகம் சேரிடம் மட்டும் ஒருக்காலும் கேட்கக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் ஷெல் விழ விழ, கொழும்பு வெள்ளவத்தையில் சேரின் வகுப்பு வாங்குகள் நிறைந்தன. காலி வீதியில் சேலைக் கடைக்கு மேலே மாடி. வெளிநாடு போக லொட்ஜில் ஏஜென்சிக்காரனைப் பார்த்துக் காத்துக் கிடக்கிற பிள்ளைகள், ஹெவ்லொக் டவுன் டொக்டர்மாரின் பிள்ளைகள், எல்லாரும் 'கணித வேந்தன்' என்ற நோட்டீசைப் பார்த்து வந்தவர்கள். வேந்தன் மாதத்தில் ஒருநாள்தான் வகுப்புக்குள் எழுந்தருளுவார். மற்ற நாளெல்லாம் படிப்பிக்கிறது நான். முகத்துவாரத்தில் எங்கள் தெருவிலேயே கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்த முதல் ஆள். நோட்டீசில் எனக்குப் பெயர் 'உதவி ஆசிரியர்கள்'. பன்மை. ஆள் என்னவோ நான் ஒருத்திதான்.

நேற்று வேந்தன் எழுந்தருளிய நாள். ஓ.எல். வகுப்புக்குக் கலவைக் கணக்கு. வாளியில் இருபது லீற்றர் தோடம்பழச் சாறு. ஐந்து லீற்றரை எடுத்துவிட்டு ஐந்து லீற்றர் தண்ணீர் விட்டுக் கலக்குகிறோம். திரும்பவும் ஐந்து எடுத்து, ஐந்து தண்ணீர். மிச்சம் இருக்கிற சாறு எவ்வளவு? ஐந்தும் ஐந்தும் பத்து, இருபதில் பத்துப் போனால் பத்து என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார்.

பின் வாங்கில் பேர்ணடெற் எழும்பினாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, தகப்பன் ஹாபரில் மூட்டை இறக்குகிறவர், பாதர் சொல்லி இலவசமாகச் சேர்ந்தவள். இரண்டாம் தரம் எடுக்கிற ஐந்து லீற்றரில் தண்ணீரும் கலந்திருக்குமே, அதில் சாறு மூன்றே முக்கால்தானே, அப்படியென்றால் மிச்சம் பதினொன்றேகால் அல்லவா என்று கேட்டாள். நான் படிப்பித்தபடியே, மரியாதையாகத்தான் கேட்டாள். சேர் அவளை வெளியே அனுப்பினார். எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டால் திரும்ப வாங்கில் இருக்கலாம். இல்லாவிட்டால் அவளுடைய இடம் வேறு பிள்ளைக்கு. ஓ.எல். பரீட்சை அடுத்த மாதம்.

இன்று நான் கேட்டதைக் கேட்டுவிட்டு, சேர் தேநீரை ஊதினார். அவருடைய அறைக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி. அது கூரைவரை போகாது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தமும் இல்லை.

"மெல்லக் கதையும், மிஸ் அழகுமுத்து."

மெல்லத்தான் கேட்டேன். இதையே நாலு தரம் செய்தால் எவ்வளவு சாறு மிஞ்சும்?

விரல் மடித்தார். நாலைந்து இருபது. ஒன்றும் மிஞ்சாதாம்.

"அப்ப வாளிக்குள்ள இருக்கிறது வெறும் பைப் தண்ணியோ, சேர்? குடிச்சா இனிக்காதோ?"

தட்டிக்கு அப்பால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சேர் யோசித்தார். முப்பது வருட அனுபவம் அந்த நெற்றியில் பாடுபடுவதைப் பார்க்க முடிந்தது.

"சோதினையில நாலு தரம் கேக்க மாட்டாங்கள். ரெண்டு தரம்தான் கேப்பாங்கள்."



பிறகு சேரின் வாயில் நான் மிஸ்சிலிருந்து பிள்ளை ஆனேன். கம்பஸ் முறை ஒன்று, சேர் முறை ஒன்று, இரண்டும் சரி என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டுமாம். பேர்ணடெற் ஒரேயொரு சொரி சொன்னால் முன் வாங்கே கொடுப்பாராம். புது நோட்டீசில் என் பெயரும் வருமாம், பக்கத்தில் பி.எஸ்ஸி. என்று கொட்டை எழுத்தில்.

"உம்மட அப்பா பாத்துச் சந்தோசப்படுவார், பிள்ளை."

படுவார். நோட்டீஸ் ஒட்டிய சுவருக்கே சிநேகிதர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவார். அந்த எழுத்து என் கண்ணுக்குள் கொஞ்சம் நின்றதுதான். ஆனால் அதே பி.எஸ்ஸி., ஐந்தும் ஐந்தும் பத்து என்று சத்தியம் பண்ண வேண்டும். சரியாகச் சொன்ன பிள்ளை தலை குனிய வேண்டும்.

"சரியாச் சொன்னதுக்கு அவள் சொரி எண்டால், பிழையாச் சொன்ன நீங்கள் என்ன சொல்லவேணும், சேர்?"

"சனம் வாறது என்ர பேருக்கு. உம்மட பதினொண்டேகாலுக்கு இல்ல."

இரண்டு நாளில் அவர் சொன்ன ஒரே சரியான விடை அது.

வகுப்புக்குள் போனேன். சேர் கரும்பலகையில் எழுதியதை அவரே வந்து அழிக்கும்வரை யாரும் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். மாதம் முழுக்க அதைச் சுற்றி ஓரஞ்சாரமாகத்தான் நான் எழுதுவேன். டஸ்டரை எடுத்து ஒரே இழுப்பில் அழித்தேன். இருபது, பதினைந்து, பதினொன்றேகால். ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்று சொன்னேன். பேர்ணடெற் சொன்னதுதான் சரி என்றும் சொன்னேன். ஹெவ்லொக் டவுன் பிள்ளை ஒன்று பென்சில் பெட்டிக்குள் றப்பரைத் தேடியது. பிறகு எல்லாரும் தேடினார்கள்.

பையை எடுத்துக்கொண்டு வெளியில் வர, மாக்ரெட் அக்கா கையைப் பிடித்தா. ஒரு கிழமை போகட்டும், சேரின் கோபம் ஆறும், திரும்பி வந்து மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லிவிடும்படி கெஞ்சினா.

"பேர்ணடெற்றின்ர அம்மாவோட நேற்றே கதைச்சிட்டன், அக்கா. வாற சனி தொடக்கம் அவள் எங்கட வீட்டில படிக்கிறாள். வேற ஆரும் கேட்டாலும் அனுப்புங்கோ."

கீழே கடை வாசலில் ஆமிக்காரன் ஆட்களை மறித்துச் சோதித்துக்கொண்டிருந்தான். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.