விசில் கேட்கும் தூரம்

"கடலே இல்லாத ஊர்ல உக்காந்துகிட்டு கைக்குப்பா, எதுக்குப்பா இந்த வேலை? போலாரத்துல எங்க தெருமுனையிலயே மீன் விக்கிறான்" என்று அலுவலகத்தில் பக்கத்து இருக்கை சீனு எல்லா வெள்ளிக்கிழமையும் கேட்பான்.

ராஜகோபாலும் இர்பானும் சிரிப்பார்கள். அலுவலகம் முடிந்ததும் கொண்டாப்பூரில் காரின் கூரைமேல் இரண்டு கயாக்குகளைக் கட்டுவார்கள். ஒற்றை ஆள் உட்காரும் துடுப்புப் படகுகள். சூரியலங்கா கடற்கரை ஏழு மணி நேரப் பயணம். விடியும்போது கடலில் இருப்பார்கள்.

இர்பான் நாகூர்க்காரன். அலை அவனுக்குப் பழகியது. ராஜகோபால் கோயம்புத்தூர். இரண்டு வருடத்துக்கு முன்புவரை நீச்சல்கூடத் தெரியாது. துடுப்பு போடுவதிலிருந்து தூண்டிலில் இறால் கோப்பதுவரை எல்லாம் இர்பான் சொல்லிக் கொடுத்தது. லைஃப் ஜாக்கெட்டில் தொங்கும் விசிலும் அப்படித்தான். ஒருமுறை ஊதினால், "எங்கே இருக்கே?" இரண்டு முறை ஊதினால், "இங்கேதான்."

அந்தப் பழக்கம் அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. டீ நேரத்தில் ராஜகோபால் தன் இருக்கையிலிருந்து வாயால் ஒரு விசில் அடிப்பான். இர்பான் இரண்டு அடிப்பான். மாடி முழுக்கத் தெரியும்.

2009 ஜனவரி. அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகள் சாய்ந்துகொண்டிருந்தன. இங்கே ஒவ்வொரு டீமிலும் வேலையை விட்டு அனுப்ப ஒரு பெயர் கேட்கிறார்கள் என்று பேச்சு. இவர்கள் டீமில் இரண்டு லீட். ராஜகோபால் ஒன்று, இர்பான் ஒன்று. இர்பானின் மனைவி ஃபாத்திமாவுக்கு ஏழாம் மாதம். இர்பானுக்குத் தூக்கம் கெட்டிருந்தது.

"கடலுக்கு வாடா, மனசு லேசாகும்" என்று ராஜகோபால்தான் இழுத்து வந்தான்.

காலை ஏழரை மணி. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வந்திருப்பார்கள். பனி ஒரேயடியாக இறங்கியது. இர்பானுக்குத் தன் கயாக்கின் முனைகூடத் தெரியவில்லை. காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது, அடியில் மெல்லிய அலை மட்டும்.

இர்பான் விசிலை வாய்க்குக் கொண்டுபோனான். அப்போது போனில் பேசும் ராஜகோபாலின் குரல் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோல.

"இல்லீங்க துரைராஜ் சார், யோசிக்கவே வேண்டாமுங்க. ரெண்டு லீட்ல ஒருத்தர்னா இர்பான் பேரையே அனுப்பிருங்க."

துரைராஜ் அமெரிக்காவில் இருக்கும் மேனேஜர். அங்கே இன்னும் வெள்ளிக்கிழமை இரவு.

"அவனே எங்கிட்டச் சொல்லிட்டானுங்க. ஊருக்குப் போயி அவங்கப்பா போட்டைப் பாத்துக்கறானாமா. ஆமாங்க, மீன்பிடி போட்டுங்க. நல்ல வருமானமுங்க. எனக்கா? நான் எங்கீங்க போறது, குழந்தைக எல்லாம் இங்கதான படிக்குது... நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேண்டாமுங்க. பாவம், நல்ல பையன்."

நாகூரில் பனி இறங்கிவிட்டால் படகில் யாரும் வீட்டு விஷயம் பேச மாட்டார்கள். அடுத்த படகில் இருப்பவன் முகம் தெரியாது, ஆனால் அவன் இருமுவதுகூடக் கேட்கும். இவ்வளவு சொல்லிக் கொடுத்த இர்பான் இதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. கண்ணுக்கு மறைந்தால் காதுக்கும் மறைந்துவிடும் என்று ராஜகோபால் நினைத்துவிட்டான்.

இர்பான் விசிலைக் கீழே இறக்கினான். போன மாதம் டீ குடிக்கும்போது சொன்னதுதான். "பேசாம ஊருக்குப் போயி வாப்பா போட்டுல ஏறிடலாம்டா." வேலை பார்க்கிறவன் எவன்தான் அப்படிச் சொல்லவில்லை?

அந்தப் போட்டே கிடையாது. 2004 சுனாமியில் போய்விட்டது. அது கட்டியிருந்த இடத்தில் ராஜகோபால் இர்பானின் தோளில் கை போட்டு நின்றிருக்கிறான். வாப்பாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறான்.

போன் பேச்சு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு விசில்.

எங்கே இருக்கே?

இர்பான் ஊதவில்லை.

மறுபடி ஒன்று. இப்போது கிழக்கே, சற்றுத் தள்ளி. துடுப்புச் சத்தம் வேகமாகக் கேட்டது. பதறுகிறான். அலை முதுகைத் தள்ளினால் கரை முன்னால் இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான்! அலைக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தான் ராஜகோபால். நடுக்கடலைப் பார்த்து.

மூன்றாவது விசில் மெலிதாக வந்தது.

"இர்பான்! டேய்! எங்கடா இருக்க?"

இர்பான் விசிலைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். வாய்க்குள் உப்பு கரித்தது. நான்காவதுக்கு அவன் காத்திருக்கவில்லை. இரண்டு முறை, நெஞ்சு வலிக்க ஊதினான்.

அரை மணி நேரம் இர்பான் முன்னால் ஊதிக்கொண்டே போக, ராஜகோபால் பின்னால் வந்தான். மணல் தட்டியதும் ராஜகோபால் அப்படியே விழுந்தான். எழுந்து வந்து இர்பானைக் கட்டிக்கொண்டான்.

"நீ இல்லைன்னா நான் போயிருப்பன்டா. தெய்வம்டா நீ."

"போன் நனைஞ்சிடுச்சா?"

"இல்லடா, பைக்குள்ள பத்திரமா இருக்குது."

"அப்ப துரைராஜ் சாருக்கு இன்னொரு போன் போடு. எங்க வாப்பாவுக்குப் போட்டு இல்லைன்னு சொல்லு."

ராஜகோபாலின் கைகள் கழன்றன.

"நீ... எங்கடா இருந்த?"

"பக்கத்துலதான்."

"டேய், எனக்கும் ரெண்டு குழந்தைடா. ஒருத்தர் பேரைக் குடுன்னு கழுத்தைப் புடிக்கிறாங்க. நான் என்றா பண்ணட்டும்?"

"உண்மையைச் சொல்லு. அதுக்கப்புறமும் என் பேருதான்னா நான் போறேன். போடு போனை."

ராஜகோபால் போனை எடுத்தான். பார்த்தான். பைக்குள் வைத்தான்.

"அங்க இப்ப தூங்கியிருப்பாருடா. நாளைக்குள்ள பேசிடறேன். சத்தியமா."

இர்பான் அதையும் நம்பினான்.

மாலையில் ஊர் திரும்பினார்கள். வீட்டில் ஃபாத்திமா ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள். நாலே நாலு கிழங்கான் மீன்.

"இவ்வளவுதானா மச்சான்? ராஜு அண்ணனுக்குப் பங்கு குடுத்துட்டீங்களா?"

"அவன் எடுத்துக்கிட்டான்" என்றான் இர்பான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹெச்.ஆர். அறையில் அனுபமா ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். ராஜினாமாக் கடிதம். தயாராக அச்சடித்திருந்தது.

"சொந்த ஊருக்குப் போறீங்களாமே, அப்பாவோட போட் பிசினஸ். கேக்கவே சந்தோஷமா இருக்கு."

"நேத்து யாராவது ஏதாவது மாத்திச் சொன்னாங்களா மேடம்?"

"இல்லையே. ஏன்?"

இர்பான் தாளைத் திருப்பி அவள் பக்கமே நகர்த்தினான்.

"எங்க வாப்பாவுக்குப் போட்டு இல்லை. நான் எங்கேயும் போகலை. நீங்க அனுப்புறீங்க. அப்படியே எழுதிக் குடுங்க, வாங்கிக்கிறேன். இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"இர்பான், அடுத்த வேலைக்கு உங்களுக்குத்தான் கஷ்டமாகும். ராஜினாமான்னு இருந்தா கௌரவம்."

"பொய்யில்லையா மேடம் அது?"

மதியம் புதுக் கடிதம் வந்தது. பணிநீக்கம் என்றே எழுதியிருந்தது. அவன் இருக்கைக்கு வந்து ஃபாத்திமாவின் படத்தையும் டீ கோப்பையையும் அட்டைப் பெட்டியில் வைத்தான். லைஃப் ஜாக்கெட்டின் பழைய விசில் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. அதையும் எடுத்துப் போட்டான்.

நாலாவது வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது. மெதுவாக, தயங்கி.

இர்பான் பெட்டியின் மேல்பக்கத்தை மூடினான். டேப்பை இழுத்து ஒட்டினான்.

இன்னொரு விசில். பக்கத்து இருக்கையில் சீனு தலையைத் தூக்கினான். விஷயம் எதுவும் அவனுக்குத் தெரியாது.

"இர்பான் பாய், உன் தோஸ்து கூப்பிடறான்பா. கேக்கலியா?"

"கேக்குது சீனு" என்றான் இர்பான். "நல்லாவே கேக்குது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தான்.