கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை

விடுதியின் குளியலறைக் கண்ணாடி ஒரு முகத்துக்குத்தான் அளவானது. அதில் ரோமுலோவின் தாடியும் ஜாந்தெரின் வலது காதும் தெரிந்துகொண்டிருந்தபோது, கைகழுவும் தொட்டியின் விளிம்பில் இருந்த கைப்பேசி அதிர்ந்து மறுநாள் ஆட்டங்களின் அட்டவணையைக் காட்டியது. ரோமுலோ வாயிலிருந்து பிரஷ்ஷை எடுக்காமலே எட்டிப் பார்த்தான்.

“நாளைக்கு ஒரு தடிப்பயல்கூட ஆட்டம்டா. குறட்டை விடுவான். என் பேஸ்ட்டத்தான் தேய்ப்பான்.”

“பாவம்ணே. எனக்கு யாரோ ஒரு கிழவனாம்.”

இருவரும் நுரையைத் துப்பினார்கள். இது எதிர்பாராதது இல்லை. அன்று இருவரும் ஜெயித்தால் மறுநாள் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டும் என்பது இந்த டென்னிஸ் போட்டிக்காகப் பவுரு நகரத்துக்கு வந்து இறங்கிய அன்றே தெரியும். ஒருவன் தோற்றுத் தொலைவான் என்று இருவருமே மனதார நம்பியிருந்தார்கள். மற்றவன்தான் அந்த ஒருவன் என்றும்.

உலகத்தில் டென்னிஸைத் தொழிலாகக் கொண்டவர்களின் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஜாந்தெரின் பெயர் அதில் இல்லை. காஸ்காவெல் நகரத்துப் பத்திரிகை மட்டும் அவனை ‘வளர்ந்து வரும் நட்சத்திரம்’ என்று எழுதிவந்தது. அவனுக்கு மீசை முளைக்காத காலத்திலிருந்தே எழுதிவந்தது. வளர்வது நிற்கவும் இல்லை, வந்து சேர்வதும் நடக்கவில்லை. நாளை தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். அதில் ஜெயித்தால் முதன்மைச் சுற்று, அங்கே ஓர் ஆட்டம் ஜெயித்தால் ஒரு புள்ளி, அந்த ஒரு புள்ளி இருந்தால் பட்டியலில் பெயர். கார்னிவல் திருவிழாவுக்குள் அது நடக்காவிட்டால் மாமாவின் டயர் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். இது இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி. அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கடையில் அவனுக்கென்று நீலச் சட்டை தைத்து வைத்திருப்பதாகப் பாசமாகச் சொன்னார்.

ரோமுலோ ஒருகாலத்தில் அந்தப் பட்டியலின் கௌரவமான இடத்தில் இருந்தவன். முழங்கால் போனபின் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அடியில் போய் நின்று, போன வருடம் அங்கிருந்தும் விழுந்தான். ஃபிராங்காவில் அவனுடைய மச்சான் ஜில்மார், கார் நிறுத்துமிடத்தைத் தோண்டி லாரி லாரியாக மணல் கொட்டி, கடற்கரை டென்னிஸ் நடத்துகிறான். கடலுக்கும் அந்த ஊருக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. பல் டாக்டர்களும் பத்திரப்பதிவுக்காரர்களின் மனைவிகளும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அங்கே வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். நாட்டில் டென்னிஸ் ஆடித் தோற்றவர்கள் எல்லோரும் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான்.

“தோத்தா மணலுக்குப் போறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன்” என்றான் ரோமுலோ, விளக்கை அணைப்பதற்கு முன்னால். “அவ அழலடா. அதான் பயமா இருக்கு.”

மறுநாள் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நீச்சல்குளத்துப் பக்கம் கறி வாட்டும் புகை வந்து கோர்ட்டின் மேல் படுத்திருந்தது. அந்தக் கிளப்பும் தன் செம்மண் கோர்ட்டுகளில் பாதியை மணலாக மாற்றிவிட்டதால், பக்கத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு கடற்கரை நடந்துகொண்டிருந்தது. இவர்கள் ஆட்டத்தைப் பார்க்க ஒருவர் இருந்தார். அவரும் குடைக்குக் கீழே வாய் பிளந்து தூங்கினார்.

இந்த மட்டத்தில் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் நடுவர் கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நெய்தே மேடம், தொப்பி வைத்துக்கொண்டு சுற்றிவருவார். அவரவர் பக்கத்தில் விழும் பந்துக்கு அவரவரே நீதிபதி. சந்தேகம் வந்தால் பந்து மண்ணில் பதித்த தடத்தைக் காட்ட வேண்டும். காட்டுவதற்கு முன் அழித்துவிட்டால் பந்து உள்ளே விழுந்ததாகக் கணக்கு. இது எல்லோருக்கும் தெரியும்.

முதல் செட் ஜாந்தெருக்கு, இரண்டாவது ரோமுலோவுக்கு. முழங்காலில் சுற்றிய பட்டை கழன்று தொங்க, ரோமுலோ ஓடவேண்டிய பந்துகளுக்கு ஓடாமல், ஓடவேண்டாத இடங்களில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டான். ஜாந்தெருக்குக் கை கனத்தது. நீலச் சட்டை நினைவுக்கு வந்தபோதெல்லாம் பந்து வலையில் போய் விழுந்தது. முடிவைச் சொல்லும் கடைசி டை-பிரேக்கில், ரோமுலோ ஒரு புள்ளி முன்னால், அவன் ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளி பாக்கி என்ற இடத்துக்கு வந்தார்கள்.

அந்தப் புள்ளிக்குப் பந்து நெடுநேரம் போய் வந்தது. ஜாந்தெர் உயிரைக் கொடுத்து ஒன்று அடித்தான். பந்து பின்கோட்டுக்கு வெளியே விழுந்தது. அவன் பார்த்தான். கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு விரற்கடைச் செம்மண், வெயிலில் தெளிவாகத் தெரிந்தது.

ரோமுலோ விரலை உயர்த்தி “அவுட்” என்றான். பிறகு ஷூவின் நுனியால் அந்தத் தடத்தை ஒரு இழுப்பு இழுத்து அழித்துவிட்டு, கை குலுக்க வலையை நோக்கி நடந்தான்.

புளுமெனாவ் பயிற்சிக்கூடத்தில் இருவரும் சேர்ந்து ஆடிய வருடங்களில் பயிற்சியாளர் அல்சிதெஸ் போட்ட சட்டம் அது. பொடியன்களின் சண்டை தாங்காமல், அவுட் சொன்னவன் அந்த நிமிடமே தடத்தை அழிக்க வேண்டும், தடம் எங்கே என்று கேட்டவன் கோர்ட்டைச் சுற்றி ஓட வேண்டும் என்று வைத்திருந்தார். அங்கே வளர்ந்தவர்கள் போட்டிகளில் அந்தப் பழக்கத்தை அடக்கிக்கொள்ளக் கற்றிருந்தார்கள். ரோமுலோ ஊர் ஊராக எத்தனையோ பேருக்கு எதிராக ஆடி ஒருமுறைகூடத் தவறியதில்லை. இன்று எதிரில் ஜாந்தெர் நின்றான். இது போட்டி என்பதைக் கால் மறந்துவிட்டது.

ஜாந்தெரும் வலையை நோக்கித்தான் நடந்தான். கையைக்கூட நீட்டிவிட்டான்.

“தடத்தக் காட்டுங்கண்ணே.”

ரோமுலோ சிரித்தான். “ஓடுறா ஒரு ரவுண்டு!”

“மேடம்!” என்று ஜாந்தெர் குரல் கொடுத்தான்.

நெய்தே மேடம் சீஸ் உருண்டையை மென்றபடி வந்தார். மண்ணைக் குனிந்து பார்த்தார். “யார் அழிச்சது?”

“நான்தான்” என்றான் ரோமுலோ. சிரிப்பு அவன் முகத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாததுபோல வைத்திருந்தான். “பழக்கத்துல அழிச்சிட்டேன் மேடம். பந்து அவுட்டு. வேணும்னா அவனையே கேளுங்க.”

மேடம் திரும்பினார். “என்னப்பா, பாத்தியா?”

பக்கத்துக் கடற்கரையில் யாரோ ஒரு பல் டாக்டர் புள்ளி எடுத்துக் கூத்தாடினார்.

“சரியாப் பாக்கல மேடம்” என்றான் ஜாந்தெர்.

“அப்ப ரூல் ரூல்தான். பாயிண்ட் உனக்கு. ஆடுங்க, பின்னாடி இன்னொரு மேட்ச் இருக்கு.”

ரோமுலோ தன் இடத்துக்குப் போய், அழித்த இடத்தையே சற்று நேரம் பார்த்தான். அடுத்த சர்வீஸ் இரண்டும் வலையில். அதற்கடுத்த பந்துக்கு அவன் முழங்கால் வரவில்லை. ஆட்டம் ஜாந்தெருக்கு. கை குலுக்கியபோது அவன் உள்ளங்கை காய்ந்திருந்தது.

“ரூம்ல சுடுதண்ணி கொஞ்சந்தான் வரும். நீ முதல்ல குளிச்சிரு” என்றான்.

ஜாந்தெர் அப்பாவைக் கூப்பிட்டான். “ஜெயிச்சிட்டேன்பா.” அப்பா கடையில் எல்லோரிடமும் கத்திச் சொன்னார், யாரோ லாரி ஹாரனை அழுத்தினார்கள். “எப்படிடா ஜெயிச்ச?” என்றார். “கஷ்டப்பட்டுத்தான்பா.” மாலைக்குள் காஸ்காவெல் பத்திரிகை இணையத்தில் எழுதிவிட்டது: ‘தோல்வியின் விளிம்பிலும் கலங்காத இரும்பு மனம்.’ அப்பா அதை அனுப்பி, பக்கத்தில் ஒரு புலியின் படம் போட்டிருந்தார். ரோமுலோ அடுத்த கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கைப்பேசியில் மனைவியிடம் “ம்… ம்… வர்றேன்னு ஜில்மார்கிட்ட சொல்லிடு” என்றான்.

முதன்மைச் சுற்று ஆட்டத்துக்கு முன்னால் கை சூடேற்றிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மற்றவர்களுக்குப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். பயிற்சியாளர் இல்லாதவனுக்குத் தோற்றுப்போனவன் பந்து போடுவது இந்தச் சுற்றுகளில் வழக்கம். காலையில் ஜாந்தெர் பையைத் தூக்கியபோது, ரோமுலோ தன் மட்டையை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

“பஸ் மத்தியானந்தான்” என்றான். “வா.”

கோர்ட்டை அப்போதுதான் வாரியிருந்தார்கள். ஒரு தடமும் இல்லாமல் சிவப்பாகக் கிடந்தது. ஆரம்பத்தில் பந்துகள் ஒழுங்காகப் போய் வந்தன. பிறகு ஜாந்தெரின் பந்து ஒன்று கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே விழுந்தது. ரோமுலோ அதையும் எடுத்துத் திருப்பி அடித்தான், ஜாந்தெரின் வலது கைக்கு வாகாக.

“அது அவுட்டுண்ணே.”

ரோமுலோவுக்குக் கேட்கவில்லை போலும்.

ஜாந்தெர் இன்னும் நீளமாக அடித்தான். ஒரு முழம் வெளியே. ரோமுலோ பின்னால் நகர்ந்து திருப்பினான். இன்னும் நீளமாக. ரோமுலோ நொண்டிக்கொண்டே பின்னால் போனான். குதிகால் கம்பிவேலியில் முட்டும் இடத்தில், முதுகை வேலியில் சாய்த்து, மட்டையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். விரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. அங்கிருந்தும் பந்து சுத்தமாக, வலையைத் தாண்டி, நேராக ஜாந்தெரின் கைக்கே வந்துகொண்டிருந்தது.