சோப்புப் பெட்டிச் சுவர்

காலேப் அண்ணனுக்கு மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும், இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்குக் கம்பெனி மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். 'தன் கவனக்குறைவால் பாய்லர் சாம்பல் பட்டு இறந்தார்' என்று அதில் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"இன்னா கவனக்குறைவு?" அண்ணனோடு ஷிஃப்ட் பார்த்த ஜெயவேலு எகிறினார். "சாம்பல் சரிஞ்சதும் ஓடிப்போயி செவுத்துக்குப் பின்னால நின்னுகினான் சார். என் கண்ணால பாத்தேன்."

"அந்த இடுப்பு உயரச் சுவர் சாம்பல் சிதறாம இருக்கக் கட்டினது. ஆள் ஒளியவா? வெளிய ஓடணும்னுதானே ரூல்?"

ஜெயவேலு என்னைப் பார்த்தார்.

நான் எரிமலைகளைப் படிக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. "தாம்பரத்துல ஏதும்மா எரிமலை?" என்று தெருவே சிரித்தது. அண்ணன் மட்டும் உட்கார்ந்து கேட்டான். சாம்பல் சூடான வாயுவோடு கலந்தால் சரிவில் தண்ணீர் மாதிரி ஓடும் என்றேன்.

"எங்க பாய்லர்லயும் அப்டித்தான் எப்சி. அடைச்ச சாம்பல் திடீர்னு வுழுந்தா ஓடியாருது."

முறத்தைச் சாய்த்து, குறுக்கே சோப்புப் பெட்டியை வைத்து, பவுடரைக் கொட்டிக் காட்டினேன். பவுடர் பெட்டியில் முட்டி நின்றது.

"பாத்தியா? செவுரு இருந்தா நின்னுரும்" என்றேன்.

மேலே எழும்பிய தூசி மட்டும் பெட்டியைத் தாண்டிப் போய் அவன் முகத்தில் படிந்தது. "மேக்கப்பே போட்டுட்டியே!" என்று துடைத்துக்கொண்டான். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஓடிவரும் சாம்பலின் கனமான அடிப்பகுதி பள்ளம் பார்த்துப் போகும், சுவரில் நிற்கும். அதன் மேலே வரும் மெல்லிய சூட்டு மேகம் சுவரை மதிக்காது. ஒரு மூச்சு இழுத்தால் போதும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை.

"கையெழுத்து போடுங்கம்மா" என்றார் மேனேஜர்.

தாளைப் பிடுங்கினேன். "கவனக்குறைவு இல்ல சார். தங்கச்சி சொன்னான்னு நின்னான். அத எழுதுங்க. எம்.எஸ்சி. ஜியாலஜி படிச்சவ சொன்னான்னு எழுதுங்க!"

மேனேஜர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டார்.

அம்மா என்னையே பார்த்தாள். "எப்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்சான்டி" என்றாள். குரலில் கோபமே இல்லை.

"திட்டும்மா" என்றேன்.

அவள் திட்டவில்லை.