கணவாய் அரக்கனின் காது முடி

நெற்றியும் இரண்டு கொம்புகளும் வந்துவிட்டன. இனிமேல் நிறுத்தினால் சாயங்காலத்திலிருந்து கம்ப்யூட்டர் பட்ட பாடு மொத்தமும் பாழ். நிறுத்தாவிட்டால் புருவம் வரும், மூக்கு வரும், அந்தக் காது வரும். எல்லாம் என் அப்பாவுடையவை. அப்பாவோ என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ரயில் டிக்கெட் புக் பண்ணத்தான் வந்தார்.

"கம்ப்யூட்டரைக் கொஞ்சம் விடேன், மது."

"ரெண்டர் ஆயிண்டிருக்குப்பா. தொட்டா ஹேங் ஆயிடும்."

"அப்படின்னா?"

"அதுவே படம் போடறது. மேலேர்ந்து கட்டம் கட்டமா வரும். நாளைக்குக் கார்த்தால நோய்டா ஸ்டூடியோல சிடி குடுக்கணும்."

"அச்சா! அப்ப நானும் பாக்கறேனே."

இரண்டு வருஷமாக நான் என்ன செய்கிறேன் என்று எட்டிப் பார்க்காத மனுஷர். மார்ச்சுக்குள் கேம் கம்பெனியில் வேலை கிடைக்கவில்லை என்றால் பேங்க் பரீட்சை என்று தீர்ப்புச் சொன்னதோடு சரி. இன்றைக்குப் பார்த்துத்தானா இவருக்குக் கலை ஆர்வம் பொங்க வேண்டும்?

எல்லாம் அந்த சட்டர்ஜியால் வந்தது. அந்த கேம் ஸ்டூடியோவில், ஆட்டத்தில் வரும் ஆட்களை உருவாக்கும் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்களை வேலைக்கு எடுப்பவர். போன மாதம் நான் செய்துகொண்டுபோன பன்னிரண்டு வீராங்கனைகளையும் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். பன்னிரண்டு பேரும் ஒரே பெண்தான், விக் மட்டும் வேறு என்றார். எல்லோரையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஓர் ஆளைச் செய்துகொண்டு வா, ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் வாழ்நாள் முழுக்க என்ன வேலை பார்த்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றார்.

மலைக் கணவாயைக் காக்கும் அரக்கன் ஒருவன் எனக்குத் தோன்றினான். எவனையும் உள்ளே விடமாட்டான். அப்படி ஒருவர் எங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸிலேயே இருந்தார்: செக்‌ஷன் ஆபீசர் வேதாந்தம், என் அப்பா. ஒரு ஃபைலையும் லேசில் நகரவிட்டவர் இல்லை. அவர் பேப்பர் படிக்கும்போதும் குறட்டை விடும்போதும் திருட்டுத்தனமாக ஃபோட்டோ எடுத்தேன். காதுக்கு மேல் சுருட்டிவிட்ட மங்கி குல்லாய் தோல் தொப்பியாயிற்று. அரைக்கை ஸ்வெட்டர் இரும்புக் கவசமாயிற்று. காது முடியை மட்டும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து நட்டேன்.

புருவம் வந்தது.

"என்னடி இது, கம்பளிப்பூச்சி ஒட்டினாப்ல?" என்றார் அப்பா, தன் புருவத்தைச் சொறிந்தபடி.

மானிட்டரை அணைத்தேன். "கரென்ட் வேஸ்ட்ப்பா."

"போடுடீ. ஸ்வாரஸ்யமா இருக்கு."

காது வந்தது.

"ஐயய்யே, காட்டைப் பாரு! ஆம்படையா கிடையாதா இவனுக்கு, கத்திரிச்சு விட?"

"காட்டினாத்தானே கத்திரிக்கறதுக்கு!" அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. அப்பாவுக்கு அது காதில் ஏறவில்லை. அவ்வளவு முடி.

மூக்கு வந்ததும் தொடையைத் தட்டினார். "எங்க ஜாயின்ட் செக்ரட்டரி! அச்சு அசல் அவனேதான்!"

பெருமாளே, ஜாயின்ட் செக்ரட்டரியாகவே இருக்கட்டும். சனிக்கிழமை கோயிலுக்கு வருகிறேன். நடந்தே வருகிறேன்.

அப்புறம் மார்பு வந்தது. கவசத்தின் குறுக்கே ஒரு தோல் கயிறு. அதில் ஓர் எலும்புக் கொக்கி, பக்கத்தில் ஒரு சாவி. அதை யோசித்துக்கூட வைக்கவில்லை நான். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதைக் கை தானாக வைத்துவிட்டது.

அப்பாவின் சிரிப்பு நின்றது. அவர் கை பனியனுக்குள் போயிற்று. பூணூலில் மாட்டியிருந்த ஸேஃப்டி பின்னைத் தொட்டது. பீரோ சாவியைத் தொட்டது.

கடைசிக் கட்டமும் விழுந்து ரெண்டர் முடிந்தது. அரக்கன் எங்கள் இருவரையும் முறைத்தான். தொலைந்தேன். சிடியும் இல்லை, நோய்டாவும் இல்லை. பேங்க் கவுன்ட்டருக்குப் பின்னால் நான் டோக்கன் நம்பர் கூப்பிடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"இவன் யாரையும் விடமாட்டானோ?" என்றார் அப்பா.

"மாட்டான்ப்பா."

"இவனைக் காட்டினா உனக்கு வேலை குடுப்பாளா?"

"குடுக்கலாம்ப்பா."

தலையிலிருந்த மங்கி குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலைமுடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. அதை நான் ஃபோட்டோவில் பிடிக்கவில்லை.

"ஆட்டத்துல மேல போகணும்னா, இவனைக் கொன்னுட்டுத்தான் போகணுமாடீ?"